மாப்பிள்ளை இல்லாத சிங்கி

என் கணவர் மோட்டார் திருத்துகிறவர். மதுரங்குளிப் பக்கத்து இறால் பண்ணைகளில் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும் சக்கரங்களின் மோட்டார், தோட்டக்காரர்களின் தண்ணீர்ப் பம்பு, மாவரைக்கும் மெஷின், எதுவானாலும் கழற்றிப் பார்த்துவிடுவார். போன இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு முறை வான்கோழிக் குஞ்சு கொண்டுவந்தார். இன்னொரு முறை முள்ளில்லாத தேசிக்காய்க் கன்று என்று ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். அது முள்ளைத் தவிர இன்றுவரை வேறொன்றும் தரவில்லை.

ஆகவே அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் தன் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கொதிக்கிற கஞ்சியைக் கொண்டுவருகிற மாதிரி அடிமேல் அடி வைத்து வாசலில் ஏறியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை. தலைக்கவசத்துக்குள் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் விரல் நீளத்தில் ஒன்று, இரண்டு இடுக்கிகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைச் சண்டைக்கு அழைத்தது.

"சிங்கி," என்றார். "நல்ல தண்ணியில இருக்கிற சிங்கி. ஒருத்தர்ட மீன் தொட்டிக்கு மோட்டார் செஞ்சு குடுத்தன். சந்தோசத்தில தந்தார்."

சிங்கி இறால் எங்களுக்குத் தெரியாததல்ல. கல்பிட்டிக் கடலில் சுழியோடிகள் பிடிக்கிறார்கள். அது ஹோட்டல்களுக்குப் போகும். ஆனால் அதற்கு நீண்ட மீசைதான் உண்டு, இடுக்கி கிடையாது. இதற்கோ நண்டின் கையும் இறாலின் வாலும் இருந்தன. உடம்பெல்லாம் கறுப்பும் பழுப்பும் வெள்ளையும் கலந்து, புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தரைக்குப் போடுகிற மார்பிள் கல்லைப் போல ஒரு கோலம். வடிவாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது.

முன் அறையில் எனக்கென்று ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் பதினொரு கப்பி மீன்களும், நான் வெகு பாடுபட்டு வளர்த்த கொஞ்சம் பாசியும் இருந்தன. "ஒரு மூலையில கிடக்கும், ஒண்டும் செய்யாது," என்று சொல்லி அவர் அதைத் தொட்டியில் விட்டார். முதல் நாள் அது மூலையில் கிடந்தது. இரண்டாம் நாள் பாசியைக் கத்தரித்தது. அந்த வாரம் முடிவதற்குள் தொட்டியில் கப்பி மீன் ஒன்றுகூட இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த வேறு கப்பி வாங்கி வந்தார். அதையும் சிங்கி நன்றியோடு சாப்பிட்டது.

பிறகு ஒரு காலை அவர் தொட்டிக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். சிங்கி மல்லாந்து கிடந்தது, அசைவில்லை. "மௌத்தாப் போச்சு," என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. கப்பிகளுக்காக அவர் அப்படி வருந்தவில்லை என்பதை நான் கவனித்தேன். அதை எடுத்து, தேசிக்காய்க் கன்றின் அடியில் சின்னக் குழி தோண்டிப் புதைத்தார். பின்னேரம் தொட்டியைக் கழுவலாமென்று நான் கல்லைத் தூக்கினேன். கல்லின் கீழே சிங்கி இருந்தது, முன்னையதைவிடப் பெரிதாக. அவர் புதைத்தது அது கழற்றிப் போட்ட ஓடு.

"நல்லவேளை, நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லல்ல," என்றார்.

அதன்பின் அவருக்கு அதன்மேல் பாசம் இரட்டிப்பானது. வேலை முடிந்து வந்ததும் முதலில் தொட்டியடிக்குத்தான் போவார். கரட் துண்டு போடுவார், பாண் விளிம்பு போடுவார். அது காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே வரப் பழகிக்கொண்டபோது, மூடிக்குமேல் ரொட்டிக் கல்லைப் பாரம் வைத்தார். அப்படியிருந்தும் ஒருநாள் அலுவலகம் போகிற அவசரத்தில் நான் செருப்புக்குள் காலை விட, உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தது. அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டது பத்து நிமிடம் பிந்தி. காரணத்தை எழுதச் சொன்னார்கள். 'சுகவீனம்' என்று எழுதினேன்.

அடுத்த வளவில் என் மதினி இருக்கிறார். இவருடைய மூத்த சகோதரி. பின்னேரங்களில் தேத்தண்ணி குடிக்க வருவார். எதையும் நுணுக்கமாகப் பார்க்கிற கண் அவருக்கு. ஒருநாள் கோப்பையைக் கையில் வைத்தபடி தொட்டியருகே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"புள்ள, இதுட வயித்துக்குக் கீழ என்ன, மிளகு ஒட்டின மாதிரி?"

நானும் குனிந்து பார்த்தேன். வாலுக்கடியில் கறுப்புக் கறுப்பாக மணிகள், கொத்துக் கொத்தாக.

"முட்டை போல மதினி."

"தம்பி எத்தினை கொண்டு வந்தான்?"

"ஒண்டுதான்."

"அப்ப மாப்பிள்ளை எங்க?"

மதினி தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார், கல்லுக்குப் பின்னாலும் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியை முடித்தார். அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குப் போனார் என்பது நடையில் தெரிந்தது.

இவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "வரக்குள்ளயே புள்ளத்தாச்சியா வந்திருக்கும்," என்றார். அது நியாயமாகப் பட்டது. அந்த ஒரு வசனத்தில் நாங்கள் எல்லோரும் பல மாதம் நிம்மதியாக இருந்தோம்.

குஞ்சுகள் வந்தன. எறும்பு அளவில், தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு, சீனியைக் கொட்டின மாதிரி. இவர் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்தார். குஞ்சுகள் கொஞ்சம் பெருத்ததும் தொட்டியில் இடம் போதவில்லை. ஒரு மனிதரிடம் ஒரு வடிவான பொருள் தேவைக்கு மேல் இருந்தால் என்ன செய்வார்? கொடுப்பார். மதினிக்கு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த சீமெந்துத் தொட்டிக்கென்று ஒன்றே ஒன்று கொடுத்தார். மதினி ஒன்றுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். "சோடி சேர்ந்தாத்தானே கரைச்சல்," என்று. மதுரங்குளியில் இறால் பண்ணையொன்றில் வேலை செய்யும் என் தம்பிக்கு ஒரு பிளாஸ்டிக் போத்தலில் நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயமும் பீட்ரூட்டும் போடுகிற தன் கூட்டாளிக்கும் கொடுத்தார். கூட்டாளி அவற்றைத் தோட்டக் கிணற்றில் விட்டார், டெங்கு பரப்பும் நுளம்பின் குடம்பிகளைத் தின்னட்டுமென்று.

ஐந்து மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மதினி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"புள்ள, இஞ்ச கொஞ்சம் வா."

போனேன். சீமெந்துத் தொட்டியில் அந்த ஒற்றைச் சிங்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு. வாலுக்கடியில் மிளகு.

"இது கைக்குழந்தையா இருக்கக்குள்ள வந்தது. என்ட கண்ணுக்கு முன்னால தனிய வளர்ந்தது. இந்தத் தொட்டிக்குள்ள தவளைகூட இல்ல," என்றார் மதினி. "தம்பி என்ன சாமானை என்ட வீட்டில கொண்டு வந்து விட்டிருக்கான்?"

பின்னேரம் இவரும் வந்து அந்தத் தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் புத்தளத்தில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வருகிற அறிவித்தல்களையும் சுற்றறிக்கைகளையும் தமிழில் ஆக்குவது. நாய்களுக்கு ஊசி போடுவது, டெங்கு, தேர்தல் இடாப்பு, உரமானியம். பதினேழு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஊரில் ஒட்டியிருக்கிற தமிழ் அறிவித்தல்களில் பாதி நான் எழுதியவை. அவற்றை ஆட்கள் வாசிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மதினியின் தொட்டியில் மிளகு கண்டு ஒரு மாதம் கழித்து, மேசையில் ஒரு புதிய தாள் இருந்தது. மிரிதிய பொகிரிஸ்ஸா பற்றியது. மிரிதிய என்றால் நன்னீர். பொகிரிஸ்ஸா என்றால் சிங்கி. தமிழில் இதற்கு ஒரு சொல் அகராதியில் இருக்கவில்லை. 'நன்னீர் நண்டு' என்று ஒருவர் சொன்னார், 'ஆற்று இறால்' என்று இன்னொருவர். நான் 'நன்னீர்ச் சிங்கி' என்று எழுதி, சொல் நன்றாக விழுந்த சந்தோசத்தில் மேலே போனேன்.

வெளிநாட்டு நன்னீர்ச் சிங்கிகளை அனுமதியில்லாமல் கொண்டுவருவதோ, வைத்திருப்பதோ, வளர்ப்பதோ, கைமாற்றுவதோ, உயிரோடு இடம் மாற்றுவதோ, நீர்நிலைகளில் விடுவதோ குற்றமாகும். ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்தேன். வைத்திருப்பது. வளர்ப்பது. கைமாற்றுவது. எனக்கு இன்னும் உறைக்கவில்லை. பதினேழு வருடத்தில், மொழிபெயர்க்கிற தாளில் நானே இருப்பேன் என்ற எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. அடுத்த பந்தி அடையாளங்களைச் சொன்னது. சில வகைகள் சிவப்பு, சில நீலம். ஒரு வகைக்கு உடல் முழுவதும் மார்பிள் கல்லைப் போன்ற கோலம் இருக்கும். இந்த வகையில் ஆண் கிடையாது. எல்லாம் பெண்ணே. ஒன்று தனித்திருந்தாலும் முட்டையிட்டு நூற்றுக்கணக்கில் பெருகும்.

அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

பந்தி இன்னும் போனது. இவை வரம்புகளையும் அணைகளையும் துளைக்கும், உள்ளூர் மீன்களையும் நண்டுகளையும் ஒழிக்கும், இறால்களைத் தாக்கும் வெள்ளைப் புள்ளி நோயைக் காவக்கூடும். வெள்ளைப் புள்ளி என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. குளம் குளமாக இறாலை அள்ளிப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். என் தம்பி அப்படியொரு பண்ணையிலே ஒரு முறை வேலையிழந்தவன். அவனிடம்தான் நாலு சிங்கியை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் அனுப்பியிருந்தோம்.

வெளியே போய் இவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்ச பாருங்க. அந்தச் சிங்கிக்கு மாப்பிள்ளை தேவையில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அரசாங்கம்."

அவர் சிரித்தார். நான் பந்தியை வாசித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. பிறகு, "மச்சான்ட பண்ணையில நாலு இருக்கே..." என்றார். அவருக்கும் முதலில் தம்பிதான் ஞாபகத்துக்கு வந்தான். அதற்காக அவரை நான் பாதி மன்னித்தேன்.

தாளின் அடியில் தொடர்புகொள்ள வேண்டிய உத்தியோகத்தரின் இலக்கம் இருந்தது. இந்த அறிவித்தலுக்கு முதலில் போன் எடுத்த ஆள் அதை மொழிபெயர்த்தவள்தான் என்பதை அவர் பிற்பாடு பலரிடம் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி. சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கதைப்பார்.

"சேர், எங்கட வீட்டில ஒண்டு இருக்கு," என்றேன்.

"ஒண்டுதானே மிஸ். அதைக் கொண்டு வந்து குடுங்கோ."

"ஒண்டில்ல சேர். ஒண்டா இருந்தது. இப்ப நாலு இடத்தில இருக்கு. கொண்டு வரவும் ஏலாது. உயிரோட இடம் மாத்துறது குற்றம். அஞ்சாம் பந்தி."

மறுபக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மெய்தான்," என்றார். "நான் சிங்களத்தில அவ்வளவு கவனமா வாசிக்கல்ல. நல்லா எழுதியிருக்கிறீங்க மிஸ்."

என் வேலைக்குக் கிடைத்த ஒருசில பாராட்டுகளில் அது ஒன்று. ஆனால் அதை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை. அவர் வழியைச் சொன்னார். எதையும் உயிரோடு அசைக்கக் கூடாது. வடிகானில், கழிவறையில், குளத்தில் கொட்டக் கூடாது. பிடித்த இடத்திலேயே ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் போட்டு, பிறகு பிரீசரில் இரண்டு நாள் வைக்க வேண்டும். முதல் சிங்கியை மட்டும் தொட்டியிலேயே விட்டுவைக்க வேண்டும். அவர் வந்து அடையாளம் பார்த்துத் தானே எடுத்துப்போவார். மற்றவற்றை எண்ணி வைக்க வேண்டும், அறிக்கை எழுத.

"எங்களுக்குத் தண்டனை?" என்று கேட்டேன்.

"தானா வந்து சொன்ன ஆக்களைப் பிடிச்சா, பிறகு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். முதல்ல வேலையைப் பாருங்கோ."

சனிக்கிழமை காலையில் மதினியின் தொட்டியில் தொடங்கினோம். முட்டைகள் பொரித்து, ஒன்று எண்பத்து மூன்றாகியிருந்தது. மதினி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, மாவரிக்கிற அரிப்பால் வாரி வாரி எடுத்தார். ஒவ்வொன்றையும் எண்ணும்போது "பொம்புளை," "பொம்புளை," என்று சொல்லிக்கொண்டே போட்டார். எங்கள் பிரீசர் சிறியது. மதினியின் பிரீசரில் ஒரு தட்டை ஒதுக்கினோம். கண்ணாடித் தொட்டியிலிருந்த பெரிய குட்டிகளும் அங்கேயே போயின.

அங்கிருந்து த்ரீவீலரில் மதுரங்குளிக்கு. வழி முழுக்க இவர் ஐஸ் போட்ட ரிஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூடியைத் திறந்து ஐஸைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் மனதுக்குள் தம்பியிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்.

தம்பி பண்ணை வாசலிலேயே நின்றான். இவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மச்சான், அந்தச் சிங்கிகளைத் திருப்பித் தாங்க. ஒரு பிரச்சினை ஆயிட்டு," என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அது இல்ல மச்சான்."

"எங்க போயிட்டு?" இவர் குளங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "குளத்துக்குள்ளயா?"

"இல்ல மச்சான், பயப்பிடாதீங்க. நீங்க தந்த அண்டைக்கே, உங்கட மோட்டர்சைக்கிள் திரும்பின உடனே, குளோரின் வாளிக்குள்ள போட்டுட்டன். பிறகு சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிட்டன். அந்தப் போத்தலையும் எரிச்சிட்டன். இஞ்ச வெளியில இருந்து ஒரு நண்டுக் கால் வந்தாலே எங்கட மனேஜர் வேலையால நிப்பாட்டுவார்."

"அப்ப நான் கேக்கக்குள்ள எல்லாம் நல்லா வளருது எண்டு சொன்னீங்க?"

"ஆசையாத் தந்தீங்க. எப்பிடிச் சொல்ற?"

அவன் வெறுமனே நல்லா வளருது என்று மட்டும் சொல்லியிருக்கவில்லை. ஒன்று ஓடு கழற்றியது, ஒன்று மற்றதன் மீசையைக் கடித்தது என்றெல்லாம் மாதக் கணக்கில் போனில் கதை சொல்லியிருந்தான். இவர் அதைக் கேட்டு வந்து எனக்குச் சொல்வார். நான் மதினிக்குச் சொல்வேன். இல்லாத நாலு சிங்கிகள் எங்கள் குடும்பத்தில் அவ்வளவு காலம் வளர்ந்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை. ஆனால் அவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் கண்ணில் கண்ட நன்றியை அதற்கு முன்பு நான் எங்கள் கலியாணத்தன்றுதான் கண்டிருந்தேன். கலியாணத்தன்று அது எதற்காக என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

குறிஞ்சிப்பிட்டி அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. கல்பிட்டித் தீபகற்பத்து மணலில் தண்ணீர் நிலத்துக்கு மிகக் கிட்ட இருக்கிறது. இறைக்க இறைக்கக் கிணறு ஊறும். ஒரு பம்பால் முடியாது என்று இவர் தன் வேலைக்கொட்டிலில் திருத்தி முடித்திருந்த இரண்டு பம்புகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனார். கிணற்றுக்காரரான கூட்டாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"எத்தினை விட்ட நீ?" என்று இவர் கேட்டார்.

"ஆறு. அஞ்சாவும் இருக்கலாம்."

"நீதானே விட்டது?"

"நீதானே எண்ணித் தந்தது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எண்ணிக் கொடுத்தவரும் எண்ணவில்லை, வாங்கியவரும் எண்ணவில்லை.

கிணற்றுத் தண்ணீரை அப்படியே பாத்திகளுக்கு விட்டால் குஞ்சுகள் தண்ணீரோடு போய்விடும். அதனால் குழாயின் வாயில் நுளம்பு வலையைக் கட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை எனக்கும் கிணற்றுக்காரரின் மனைவிக்கும். நாங்கள் இருவரும் வலையின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அடிக்கிற அடியில் முழுக்க நனைந்து நின்றோம். அவர் என்னைவிட இளையவர், அதிகம் கதைக்காதவர். ஒரு மணித்தியாலம் கழித்து, "ராத்தா, நுளம்புக்கு விட்டது எண்டுதான் சொன்னார்," என்றார். "நுளம்பு குறையல்ல."

கிணறு முழங்காலளவுக்கு வந்தபோது ஒரு பம்பு இருமி, புகைவிட்டு, நின்றது. முந்தின நாள் திருத்தியது. இவர் அதன் பக்கத்தில் குந்தியிருந்து கழற்றத் தொடங்கினார். கழற்றிய ஆணிகளைக் கிணற்றுக்காரர் இந்த முறை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். இவர் மறுபடி பூட்டி முடிக்குமுன் கிணறு இடுப்பளவுக்கு ஊறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

மத்தியானத் தொழுகை நேரமான லுஹர் தாண்டித்தான் கிணற்றின் அடி தெரிந்தது. இருவரும் இறங்கினார்கள். சேற்றில் கையை விட்டுத் துழாவினார்கள். இடைக்கிடை "ஆ" என்று ஒரு குரல் வரும். அப்படி வந்தால் ஒன்று கிடைத்துவிட்டது என்று நாங்கள் மேலே வாளியைத் தயாராக்குவோம். இவருடைய இரண்டு பெருவிரல்களும் கறுத்துப்போயின. பின்னேரம் அஸர் பாங்கு சொல்கிறபோது கணக்கு இப்படி இருந்தது: பெரியது ஐந்து, சின்னது நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் ஐஸுக்குள் போட்டோம்.

"அஞ்சுதான் விட்டன். இப்ப நல்லா ஞாபகம் வருது," என்றார் கிணற்றுக்காரர்.

"ஆறு," என்றார் அவர் மனைவி. அன்றைக்கு அவர் இரண்டாவது தடவை வாய் திறந்தது அப்போதுதான்.

எங்களுக்கு அந்த ஆறாவது சிங்கி தொண்டையில் முள்ளாக நின்றது. கிணற்றிலே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொக்கு தூக்கியிருக்கலாம். மழைக்குள் ஏறி வெளியே போயிருக்கலாம். ஒன்று போதும் என்பதுதான் இந்தச் சாமானில் உள்ள வில்லங்கம்.

உத்தியோகத்தர் புதன்கிழமை வருவதாகச் சொன்னார். நான் அரைநாள் லீவு போட்டு வீட்டில் நின்றேன். இவரும் நின்றார். அவர் வந்து முன் அறைத் தொட்டியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "அதேதான்," என்றார். "நல்ல சுகமா இருக்கிறா." இவர் பெருமையை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"மற்றதெல்லாம் எங்க?"

"மதினியிட பிரீசரில சேர். எண்ணி வச்சிருக்கு."

மதிலைச் சுற்றிப் போனோம். மதினி அடுப்படியில் நின்றார். பிரீசரைத் திறந்தேன். குறிஞ்சிப்பிட்டிப் பொட்டலம் இருந்தது. குஞ்சுப் பொட்டலமும் இருந்தது. பெரியவை வைத்திருந்த பொட்டலத்தைக் காணவில்லை. அடுப்பில் ஒரு சட்டி இருந்தது. தேங்காய்ப்பால், றம்பை இலை, கறிவேப்பிலை, நல்லமிளகு. வாசம் வாசல்வரை வந்துகொண்டிருந்தது.

"மதினி," என்றேன்.

"என்ன புள்ள? ரெண்டு நாள் பிரீசரில வைக்கச் சொன்னாங்க. ரெண்டு நாள் போயிட்டு. நாலு நாள். பிறகு என்ன செய்யோணுமெண்டு நீ சொல்லல்ல."

மெய்தான், நான் சொல்லவில்லை.

"நண்டெண்டா மார்க்கத்தில கூடாதெண்டு எங்கட வீட்டில சாப்பிடுறதில்ல," என்று மதினி உத்தியோகத்தருக்கு விளங்கப்படுத்தினார். "அதால மதுரங்குளியில இவட தம்பிக்குப் போன் எடுத்துக் கேட்டன். இது இறாலுக்குத்தான் சொந்தமெண்டு சொன்னான். அதுக்குப் பிறகுதான் சட்டியில போட்டன்."

உத்தியோகத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ், அறிவித்தலில சமைக்கிறதைப் பற்றி ஏதும் இருக்கா?"

எனக்கு மனப்பாடம். கொண்டுவருவது, வைத்திருப்பது, வளர்ப்பது, கைமாற்றுவது, இடம் மாற்றுவது, விடுவது. "இல்ல சேர்," என்றேன். "உண்ணுதல் எண்டு ஒரு சொல்லும் இல்ல."

அவர் சட்டியின் மூடியைத் தூக்கினார். அகப்பையால் கிளறி, தலைகளை எண்ணத் தொடங்கினார். இருபத்தாறு வரை எண்ணினார். பிறகு குழம்பில் எண்ணுவது கஷ்டமென்று கண்டுகொண்டு, என் தாளில் இருந்த தொகையையே எழுதிக்கொண்டார். மதினி அவருக்கு ஒரு கதிரை போட்டார். பாணும் வைத்தார். அவர், "கடமை நேரம்," என்றார். மதினி, "கடமையைத்தானே சாப்பிடச் சொல்றன்," என்றார். அவர் கதிரையை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்து, ஓட்டில் இறைச்சி குறைவு, கடல் சிங்கியோடு ஒப்பிட ஏலாது என்றார். ஆனால் அதைச் சொல்லுமுன் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டிருந்தார்.

போகும்போது, இந்தக் கதையை ஊரில் அதிகம் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ருசியாக இருந்தது என்று கேள்விப்பட்டால், ஆட்கள் சாப்பிடுவதற்கென்றே வளர்க்கத் தொடங்குவார்கள். பல நாடுகளில் இது அப்படித்தான் பரவியது என்றார். அந்த நேரத்தில் அவர் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அது உறைத்தது. ஒருவர் ஆசைப்பட்டு ஒருவருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, ஒரு ஊரில் ஒரு கெட்ட மனிதர்கூட இல்லாமல் ஒரு குளம் நாசமாகலாம். எங்கள் வீட்டிலேயே அது நடக்கப் பார்த்தது.

தொட்டியிலிருந்த முதல் சிங்கியை அவர் மூடியுள்ள டப்பாவில் எடுத்தார். அவருக்கு அனுமதி உண்டு, கடிதத்தைக் காட்டினார். இவர் வாசல்வரை போனார். "கரட் நல்லா எடுக்கும்," என்றார். அது எங்கே போகிறது, அங்கே அதற்குக் கரட் தேவைப்படாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "சரி, சொல்றன்," என்றார் உத்தியோகத்தர். நல்ல மனிதர்.

அன்று பின்னேரம் இவர் வேலைக்கொட்டிலில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் காலையில் பார்த்தால், பம்பு வலைக் கம்பியால் நாலு பொறி செய்திருந்தார். உள்ளே போகலாம், ஆனால் வெளியே வரமுடியாத மாதிரிக் கூம்பு வாய். உத்தியோகத்தரிடம் படத்தை அனுப்பி, சரியா என்று கேட்டிருந்தார். அவற்றை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிக்குப் போனார். மீன் தலையை உள்ளே கட்டி, கிணற்றில் இரண்டு, பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் ஒவ்வொன்று. பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு விஷயத்தைத் தானே சொன்னார். அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. யாருக்கும் எதையும் கொடுத்துத்தான் பழக்கம் அவருக்கு. கொடுத்தது பிழை என்று சொல்லிப் பழக்கமில்லை.

மாதம் ஒரு முறை பொறிகளைப் பார்க்க இருவருமாகப் போகிறோம். முதல் முறை ஒரு தவளை. இரண்டாம் முறை உள்ளூர் நண்டு ஒன்று. இவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எங்களுடையதுதான் என்று கிணற்றுக்காரர் மூன்று தரம் சொன்ன பிறகுதான் விட்டார். மழை முடிந்து போனபோது ஒன்றுமில்லை. அதற்கடுத்த மாதமும் ஒன்றுமில்லை. உத்தியோகத்தர் ஒரு தடவை தானே வந்து பார்த்துவிட்டு, ஒரு வருடம் முழுக்கப் பார்க்க வேண்டும், அதற்கு முன் முடிந்தது என்று எழுத மாட்டேன் என்றார். இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

போன முறை கிணற்றுக்காரரோடு அவர் மனைவியும் கிணற்றடிக்கு வந்தார். பொறி வெறுமையாக மேலே வந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார்.

"நான் ஆறு எண்டு சொன்னன்தானே ராத்தா," என்றார். "இப்ப யோசிச்சா, ஒண்டு அண்டைக்கே வாளியில செத்துக் கிடந்தது போல. நான்தான் எடுத்துத் தென்னைக்கடியில போட்டன் எண்டு நினைக்கிறன். ஆனா அது மீன் குஞ்சாவும் இருக்கலாம்."

இவர் அதைக் கேட்டுவிட்டு, புது மீன் தலை ஒன்றைக் கட்டி, பொறியை மறுபடி கிணற்றுக்குள் இறக்கினார். கயிறு முழுவதும் போகும்வரை நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.